டோனெபெசில் ஆரம்பிச்சு 7 வாரம் ஆச்சு, அம்மாகிட்ட ஒரு முன்னேற்றமும் தெரியல, நிறுத்திடலாமா?

மூத்தமகள்

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், எழுதறது இதுதான் முதல் தடவை, நீளமா போனா பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு வயசு 74. அல்சைமர்னு சொல்லி டாக்டர் டோனெபெசில் 5 மில்லிகிராம் ராத்திரி படுக்கறப்ப போட சொன்னார், 4 வாரம் கழிச்சு 10 ஆக்கிட்டார். 5 போட்டப்ப பெருசா தொந்தரவு இல்ல. 10 ஆனதுக்கப்புறம்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை லூஸ் மோஷன், தட்டை பாத்தாலே வேணாம்னு தள்ளி விடறாங்க, 54 கிலோ இருந்தவங்க இப்ப 51.5. அதையாவது சமாளிச்சிடலாம், ராத்திரிதான் முடியல. ரெண்டு ரெண்டரை மணிக்கு அலறி எந்திரிக்கறாங்க, "கிணத்துல புள்ள விழுந்துடுச்சு, கயிறு எங்க, கயிறு எங்க"ன்னு போர்வைய முறுக்கி முறுக்கி கயிறு மாதிரி திரிச்சிட்டு கதவுப் பக்கம் ஓடறாங்க. நான் லைட்ட போட்டு முகத்த துடைச்சு விட்டு உக்கார வைக்க அரை மணி நேரம் ஆகுது. காலைல கேட்டா ஒண்ணுமே ஞாபகம் இல்ல, "நான் எங்க எந்திரிச்சேன், நல்லா தூங்கினேனே"ங்கறாங்க.

சரி இவ்ளோ பாடுபட்டதுக்கு ஞாபகமாவது கொஞ்சம் திரும்பி இருக்கணும்ல? அதுவும் இல்ல. இன்னைக்கு என்ன கிழமைன்னு பத்து நிமிஷத்துக்குள்ள ஆறு தடவை கேக்கறாங்க, முன்னாடியும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். தம்பி போன்ல "வேலை செய்யாத மருந்த எதுக்கு குடுத்து சித்திரவதை பண்ற, நிறுத்துக்கா"ங்கறான். அவன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பாக்கறவன், அது வேற கதை. டாக்டர் ரூம்ல எல்லாம் சேத்து மூணு நிமிஷம்தான் கிடைச்சுது, அதுல பாதி நேரம் அம்மா அவர்கிட்ட "நீங்க யார் வீட்டு புள்ள"ன்னு கேட்டதுலயே போயிடுச்சு.

இந்த மாத்திரை உண்மையில என்னதான் பண்ணுது? வேலை செய்யுதா இல்லயான்னு எத வச்சு தெரிஞ்சுக்கறது? டக்குன்னு நிறுத்தினா ஏதாவது ஆகுமா? அவங்க இது தவிர பிரஷர் மாத்திரையும், யூரின் அடக்க முடியாததுக்கு ரெண்டு வருஷமா ஒரு மாத்திரையும் போடறாங்க.

அப்பாபுள்ள

க்கா, அந்த போர்வை விஷயம் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. எங்கப்பாவுக்கு நாலு வருஷமா இதே மாத்திரைதான். முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கங்க, ஞாபகத்த திருப்பி கொண்டு வர்ற மருந்து இது இல்ல. எங்களுக்கும் யாரும் அத சொல்லல, நான் தினமும் சாயங்காலம் அப்பாகிட்ட பேரன் பேர கேட்டு கேட்டு பரீட்சை வச்சிட்டு இருந்தேன், பாவம் மனுஷன் நான் வர்றத பாத்தாலே முழிக்க ஆரம்பிச்சிட்டார்.

இத குடுத்தா கொஞ்ச பேருக்கு லேசா தெளிவு வரும், கொஞ்ச பேருக்கு சில மாசம் இருந்த இடத்துலயே நிக்கும், கொஞ்ச பேருக்கு ஒண்ணுமே ஆகாது. இருந்த இடத்துலயே நிக்கறதுதான் நமக்கு கண்ணுக்கு தெரியாது, ஏன்னா மருந்து இல்லாம இருந்தா எவ்ளோ இறங்கி இருப்பாங்கன்னு ஒப்பிட்டு பாக்க நம்மகிட்ட இன்னொரு அம்மா இல்லயே. அதனால ஞாபகத்த வச்சு அளக்காதீங்க, வேலைய வச்சு அளங்க. சட்டை பட்டன் தானே போடறாங்களா, பாத்ரூம் வழி தெரியுதா, பேசறப்ப ஆரம்பிச்ச வாக்கியத்த முடிக்கறாங்களா, டிவில ஓடறத கொஞ்ச நேரமாவது பாக்கறாங்களா. நான் ஒரு நோட்டுல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாலு வரி எழுதுவேன், அவ்ளோதான். மூணு மாசம் கழிச்சு படிச்சப்பதான் "தானே ஷேவ் பண்ணார்"னு எழுதினது எல்லா வாரமும் இருக்கறத பாத்தேன், நடுவுல எனக்கே அது ஒரு விஷயமா தோணல. 7 வாரம், அதுலயும் 10 மில்லிகிராம்ல 3 வாரம்ங்கறது முடிவு பண்ண பத்தாது.

கெட்ட கனவு அப்பாவுக்கும் வந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னோம், ராத்திரி போடறத காலைக்கு மாத்தினார், பத்து நாள்ல அடங்கிடுச்சு.

நிலாக்காலம்

எங்க பாட்டிக்கு இப்படி ராத்திரி எந்திரிச்சப்ப கடைல சீட்டு இல்லாம தர்ற ஒரு தூக்க மாத்திரை பாதி குடுத்தோம், நல்லா தூங்கினாங்க. அத ட்ரை பண்ணி பாருங்க சிஸ், நீங்களும் தூங்கணும்ல.

மருந்துச்சீட்டு

மேல சொன்ன தூக்க மாத்திரைய தயவுசெஞ்சு குடுக்காதீங்க. நான் பார்மசிஸ்ட், 18 வருஷமா இந்த வேலைதான், ஏன்னு சொல்றேன்.

மூளைல ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சேதி கொண்டு போற பொருள் பல இருக்கு, ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் முக்கியமானது அசிட்டைல்கோலின். அல்சைமர்ல அத சுரக்கற செல்லுங்க ஒவ்வொண்ணா செத்துட்டு வரும். சுரக்கற கொஞ்சத்தையும் ஒரு என்சைம் உடனே உடைச்சிடும், அது அதோட வழக்கமான வேலை. டோனெபெசில் அந்த என்சைம தடுக்குது. ஊத்து வத்திட்டே வர்ற கிணத்துல குடத்து ஓட்டைய அடைச்சு வைக்கற மாதிரி, இருக்கற தண்ணி கொஞ்ச நேரம் கூட நிக்கும், ஆனா ஊத்து வத்தறது நிக்காது. அதான் நோய் உள்ள ஓடிட்டே இருக்கும், அறிகுறி மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். (கிணறுன்னு நானும் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க.)

இப்ப பிரச்சனைக்கு வருவோம். அசிட்டைல்கோலின் மூளைல மட்டும் இல்ல. குடல்ல கூடினா லூஸ் மோஷன், குமட்டல், பசி இல்லாம போறது. தசைல கூடினா கெண்டைக்கால் இழுத்து பிடிக்கறது. இதயத்துல கூடினா நாடித்துடிப்பு குறையறது, அதனால சில பேர் மயங்கி விழுவாங்க. வயசானவங்க விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு வர்றத நான் நிறைய பாத்திருக்கேன், அதனால இத சும்மா விடமாட்டேன்.

சீட்டு இல்லாம கிடைக்கற தூக்க மாத்திரை, சளி மாத்திரை நிறையதுல டைஃபென்ஹைட்ரமின் மாதிரி ஒரு பொருள் இருக்கும். அது அசிட்டைல்கோலின தடுக்கற மருந்து. அதாவது ஒரு கைல ஊத்தறீங்க, இன்னொரு கைல கவுத்து விடறீங்க. டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருக்கறவங்களுக்கு குழப்பம் இன்னும் கூடும்.

இதுலதான் எனக்கு உங்க அம்மாவோட யூரின் மாத்திரை மேல சந்தேகம். பேரு என்ன? பிரஷர் மாத்திரை பேரும் சொல்லுங்க. வீட்டுல பிபி மிஷின் இருந்தா அதுல பல்ஸ் நம்பரும் வரும், உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு பாத்து எழுதுங்க.

மூத்தமகள்

யூரினுக்கு ஆக்ஸிபியூட்டினின். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் 50. பல்ஸ் இப்ப பாத்தேன் 49, மறுபடி பாத்தேன் 51. நேத்து பாத்ரூம்லேர்ந்து வர்றப்ப சுவத்த புடிச்சிட்டு கொஞ்ச நேரம் நின்னாங்க, கேட்டா கண்ண இருட்டிட்டு வந்துச்சாம். நான் சாப்பிடாததால இருக்கும்னு நினைச்சேன்.

மருந்துச்சீட்டு

இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. மெட்டோப்ரோலாலும் துடிப்ப குறைக்கும், டோனெபெசிலும் குறைக்கும், ரெண்டும் சேந்து 50க்கு கிட்ட வந்து கண்ணும் இருட்டுதுன்னா ஒரு ஈசிஜி பாத்தே ஆகணும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலி வந்தாலோ போனெல்லாம் பண்ணிட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க. போன்ல "ஞாபகம் சரியாகல"ன்னு ஆரம்பிக்காதீங்க, "பல்ஸ் 49, கண்ண இருட்டுது, 3 வாரத்துல ரெண்டரை கிலோ குறைஞ்சிருக்கு, டோனெபெசில் 10, மெட்டோப்ரோலால், ஆக்ஸிபியூட்டினின் மூணும் ஓடுது"ன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க. மூணு நிமிஷம் கிடைச்சாலும் இது போதும். அடுத்த வேளை டோனெபெசில போடலாமா வேணாமான்னும் அந்த போன்லயே கேட்டுடுங்க.

மெட்டோப்ரோலால நீங்களா டக்குன்னு நிறுத்தவே கூடாது, துடிப்பும் பிரஷரும் எகிறும்.

ஆக்ஸிபியூட்டினின், நான் சொன்னேனே அசிட்டைல்கோலின தடுக்கற மருந்துன்னு, அதே வகைதான், டோனெபெசிலுக்கு நேர் எதிர். ரெண்டும் ஒரே ஆளுக்கு ஓடறது ரொம்ப சகஜம், ஏன்னா ஒண்ண எழுதினது யூரின் டாக்டர், இன்னொண்ண எழுதினது நரம்பு டாக்டர், ரெண்டு சீட்டையும் சேத்து பாக்கறது யாரும் இல்ல. சில வீட்டுல இன்னும் வேடிக்கை, டோனெபெசில்னாலயே யூரின் அவசரம் வரும், அதுக்குன்னு ஆக்ஸிபியூட்டினின் எழுதுவாங்க. உங்க கேஸ்ல அது முன்னாடியே இருக்கு, ஞாபக மறதில ஒரு பங்கு அதுவும் போட்டிருக்கலாம்.

டோஸ் பத்தி ஒண்ணு: இந்த மருந்து உடம்ப விட்டு பாதி போகவே கிட்டத்தட்ட 70 மணி நேரம் ஆகும். அதனால ஒரு வேளை மறந்தா விட்டுடுங்க, அடுத்த நாள் ரெண்டா போடாதீங்க. டோஸ குறைச்சாலும் நல்லது கெட்டது ரெண்டும் தெரிய ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம், ரெண்டாம் நாளே "இன்னும் கனவு வருதே"ன்னு பயப்படாதீங்க.

ஜன்னலோரம்

நிறுத்தறத பத்தி கேட்டீங்களே, எங்க மாமியாருக்கு நாங்களே நிறுத்தினோம், டாக்டர்கிட்ட கேக்காம. என் வீட்டுக்காரர் "இது வெறும் காசு புடுங்கற மருந்து"ன்னு முடிவு பண்ணிட்டார். முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் தெரியல, பாத்தியா நான் சொன்னேன்ல என்ற பேச்செல்லாம் கேட்டேன். நாலாவது வாரம் மாமியார் பாத்ரூமுக்கு பதிலா துணி அலமாரிய திறந்து உள்ள போக பாத்தாங்க. அது வரைக்கும் அந்த வழி அவங்களுக்கு மறந்ததே இல்ல. மறுபடி ஆரம்பிச்சோம், ஆனா டாக்டர் நேரா 10 குடுக்கல, திரும்ப 5லேர்ந்துதான் ஏத்தினார். பழைய இடத்துக்கு முழுசா வரல. மருந்து நின்னதாலயா, நோயே அந்த நேரம் ஒரு படி இறங்குச்சான்னு இன்னைக்கு வரைக்கும் வீட்டுல சண்டை.

தாத்தாவின்பேத்தி

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். தாத்தா படுத்த படுக்கையா ஆனப்புறம், எங்க யாரையும் தெரியாம போனப்புறம், டாக்டரே உக்காந்து பேசி 10லேர்ந்து 5 ஆக்கி ஒரு மாசம் பாத்துட்டு நிறுத்தினார். எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, சாப்பாடு மட்டும் ரெண்டு வாய் கூட எடுத்துக்கிட்டார். அதனால நிறுத்தவே கூடாதுன்னு இல்ல, எப்போ, எப்படிங்கறதுதான். அம்மா இன்னும் நடக்கறாங்க பேசறாங்க, அவங்க நிலைமை வேற.

மருந்துச்சீட்டு

ரெண்டு பேர் சொல்றதும் சரி. 2012ல வந்த டோமினோங்கற பிரிட்டிஷ் ஆய்வு, நோய் நடுத்தரமாவோ முத்திப்போயோ இருந்த அல்சைமர்காரங்கள்ல மருந்த தொடர்ந்தவங்க நிறுத்தினவங்கள விட கொஞ்சம் மேலா இருந்தாங்கன்னு காட்டுச்சு. கொஞ்சம்தான், பிரமாதமா ஒண்ணும் இல்ல. ஆனா பக்க விளைவு அந்த கொஞ்சத்தையும் சாப்பிட்டுட்டா அப்புறம் மருந்து எதுக்கு.

அப்பாபுள்ள

மாத்திரை ஒத்துக்கலன்னா பேட்ச் பத்தியும் கேட்டு பாருங்க க்கா, ரிவாஸ்டிக்மின்னு வரும், முதுகுல ஒட்டறது, வயித்து தொந்தரவு மாத்திரைய விட குறைச்சல். ஆனா அதுவும் துடிப்ப குறைக்கற அதே குடும்பம்தான், அதனால பல்ஸ் கதை தீராம அதுக்கு போகாதீங்க. அப்புறம் அதுல ஒரு கண்டம் இருக்கு. தினமும் பழசை உரிச்சிட்டுதான் புதுசு ஒட்டணும். எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு காலைல ஒருத்தர் பழசை உரிக்காம ஒட்ட, மத்தியானம் வந்தவங்க தெரியாம இன்னொண்ணு ஒட்ட, குளிப்பாட்ட சட்டைய கழட்டினா முதுகுல மூணு. அன்னைக்கு பூரா வாந்தி. பேட்ச் மேலயே பேனாவால தேதி எழுதிடுங்க.

நிலாக்காலம்

தூக்க மாத்திரை பத்தி எனக்கு தெரியாது, மன்னிச்சுக்கங்க. மெமான்டின்னு ஒண்ணு சொல்றாங்களே அது என்ன?

மருந்துச்சீட்டு

பரவால்ல, தெரியாமதான சொன்னீங்க. மெமான்டின் வேற வழி, குளுட்டமேட்னு இன்னொரு பொருள் நரம்ப ஓவரா தூண்டறத குறைக்கும். நோய் நடுத்தரத்துக்கு வந்தப்புறம்தான் பெரும்பாலும் எழுதுவாங்க, தனியாவும் குடுப்பாங்க, டோனெபெசிலோட சேத்தும் குடுப்பாங்க. 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 வீதம் 20 வரைக்கும் ஏத்துவாங்க. லூஸ் மோஷனுக்கு பதிலா மலச்சிக்கல், தலைசுத்தல். கிட்னி வீக்கா இருந்தா டோஸ் குறைக்கணும்.

மூத்தமகள்

3 வாரம் கழிச்சு எழுதறேன், எல்லாரும் மன்னிக்கணும். அன்னைக்கே போன் பண்ணேன், மருந்துச்சீட்டு சார் சொன்ன மாதிரி ஒரே மூச்சுல பேப்பர பாத்து படிச்சேன், அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. ஈசிஜி எடுத்தாங்க, துடிப்பு மெதுவா இருக்கே தவிர வேற கோளாறு இல்லயாம். டோனெபெசில் திரும்ப 5, அதுவும் காலைல. மெட்டோப்ரோலால பாதியாக்கி, பிரஷருக்கு வேற ஒண்ணு சேத்திருக்காங்க. ஆக்ஸிபியூட்டினின நிறுத்திட்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே பாத்ரூம் கூட்டிட்டு போக சொல்லி இருக்காங்க, அதுக்கு போன்ல அலாரம் வச்சிருக்கேன், அது அடிச்சா இப்பல்லாம் அம்மாவே "உன் கோழி கூவுது"ங்கறாங்க.

பல்ஸ் இன்னைக்கு 61. எடை இன்னும் ஏறல, ஆனா இறங்கவும் இல்ல. கிணத்து கனவு ஒன்பது நாளா வரல. கிழமை கேக்கறது அப்படியேதான் இருக்கு, இன்னைக்கு காலைல மட்டும் நாலு தடவை. நோட்டு வாங்கிட்டேன், முதல் ஞாயித்துக்கிழமை எழுதினது: "தானே தலை பின்னிக்கிட்டாங்க, ரப்பர் பேண்ட் மட்டும் நான் போட்டேன்." தம்பிக்கு அத போட்டோ எடுத்து அனுப்பினேன், இன்னும் பதில் வரல.