புதுப்பிப்பு: டெபியனில் ரூட் கணக்குக்கு மாற முடியாத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-இல், ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகி கணக்கு) மாறும் 'எஸ்யூ' கட்டளையை அடித்தால் எந்தக் கடவுச்சொல்லையும் ஏற்கவில்லை என்று கேட்டிருந்தேன். நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டது நான்தான். அப்படி விட்டால் ரூட் கணக்கே பூட்டிக்கொள்கிறது.

பலித்தது, ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்கும் 'சூடோ பாஸ்டபிள்யூடி ரூட்' கட்டளை. முதலில் கேட்பது நம்முடைய கடவுச்சொல், அப்புறம்தான் ரூட்டுக்கான புதியது, இரண்டு முறை. தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு போச்சோ என்று பயந்துவிட்டேன்!

எதிர்பாராத ஒன்று: ரூட்டுக்கு மாறிய பிறகும் பயனர் கணக்கை மாற்றியமைக்கும் 'யூசர்மாட்' என்ற கட்டளையே இல்லை என்றது. 'எஸ்யூ'வுக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு போட்டதும் சரியானது. கோடு இல்லையென்றால் பழைய பயனரின் பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் 'எஸ்பின்' கோப்புறைகள் கிடையாது. பழைய கணக்குக்குத் திரும்ப 'எக்ஸிட்'.