மறு: ‘ரீகம்போஸிஷன்’ – வழியிசை சரிவருமா?

நண்பர்களே,

ஒருவரின் பழைய இசைப்படைப்பை வைத்து இன்னொருவர் புதிதாக எழுதுவதை ஆங்கிலத்தில் ‘ரீகம்போஸிஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு நேற்று வந்த ‘மறுஇசையமைப்பு’, ‘மீளிசை’ இரண்டையும் பார்த்தேன். முதலாவது, பழைய பாட்டு வரிகளுக்கு இன்னொருவர் புது மெட்டுப் போட்டதுபோல ஒலிக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் பல்லவியைத் திரும்பப் பாடுவது என்றுதான் நினைப்பார்கள்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் வயலின் படைப்பான ‘நான்கு பருவங்கள்’ 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இக்கால இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர் தன் 2012 பதிப்பில் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீந்ததை வைத்துப் புதிதாக எழுதினார். ‘வசந்தம்’ தொடக்கத்தில் வயலின்கள் பறவைகளாக மாறி ஒன்றையொன்று கூப்பிடுமே, விவால்டியிடம் சிறிது நேரமே வந்துபோகும் அந்தக் குரல்களை மட்டும் கிள்ளி எடுத்து, சுற்றிச் சுற்றி வரவிட்டு, அடியில் கீழ்ஸ்தாயியில் வேறொரு சுரவரிசையை மெல்ல நகர்த்துகிறார். ‘இலையுதிர்காலம்’ முதல் பகுதியில் பெரும்பாலும் பழைய சுரங்கள்தான், ஆனால் அங்கங்கே அரை எண்ணிக்கையை உருவிவிடுகிறார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், கை தடுமாறும் (எனக்கு மூன்று முறை).

இது ரீமிக்ஸ் அல்ல. ரிக்டரின் பதிப்பு வந்த அதே டாய்ச் கிராமஃபோன் இசைத்தட்டு வரிசையில் 2008இல் மின்னிசைக்காரர்கள் கார்ல் கிரெய்கும் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் செய்ததுதான் அது; காராயான் என்ற இசைக்குழு நடத்துநரின் பழைய ஒலிப்பதிவுகளையே எடுத்து வேலை செய்தார்கள். ரிக்டர் கைவைத்தது சுரக்குறிப்பில். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என் பரிந்துரை: வழியிசை. முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலுக்கு நன்னூல் சொல்வது ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’, அதாவது பின்வந்தவர் தான் விரும்பும் வேறுபாட்டைச் சொல்லி. அப்படியே பொருந்துகிறதே!

———

ஐயா, அதே நூற்பாவின் முதலடியை வசதியாக விட்டுவிட்டீர்கள். ‘முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து’ என்றல்லவா தொடங்குகிறது? முடிவுகள் முழுக்க ஒத்திருக்க வேண்டுமே! முக்காலை வீசியவர் எங்கே ஒத்தார்? இது நன்னூல் ‘திரிபு வேறு உடையது’ என்று சொல்லும், முன்நூலிலிருந்து மாறுபடும் வகை, அதாவது சார்புநூல். சார்பிசை என்றுதான் வரவேண்டும்.

———

சரி, மாட்டிக்கொண்டேன். ஆனால் சார்பு என்றதும் இன்று கட்சிதான் நினைவுக்கு வருகிறது. கச்சேரி விமர்சனத்தில் சார்பிசை என்று எழுதினால் யாருக்குச் சார்பாக என்று கேட்பார்கள். அப்புறம், சுரம் போனாலும் கட்டுக்கோப்பு போகவில்லை: நான்கு பருவம், பருவத்துக்கு மூன்று பகுதி, அதே வரிசை. அந்த அளவுக்கு முடிபு ஒத்துத்தான் இருக்கிறது. வினைச்சொல்தான் உதைக்கிறது, ‘வழியிசைத்தார்’ நாக்கில் ஏறவில்லை. ‘ரிக்டரின் வழியிசை’ என்று பெயராகவே நிறுத்திக்கொள்ளலாமா?

முன்னால் ‘வசந்தம் 0’ என்று ஒரு சின்ன முகப்பு கூடுதலாக வைத்திருக்கிறார். அதற்குச் சொல் தேடவே வேண்டாம், பாயிரம்.