இரண்டரை வயதுக் குழந்தையோடு டிசம்பரில் ஊட்டி: எந்த வழி நல்லது?

டிசம்பர் கடைசியில் மதுரையிலிருந்து எங்கள் காரிலேயே ஊட்டி போகிறோம். இ-பாஸ் எடுத்தாச்சு. கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். போன முறை கொடைக்கானல் ஏறும்போது பெருமாள்மலை வருவதற்குள் மூன்று தடவை வாந்தி. சீட் இடுக்கில் போன இட்லித் துணுக்கைப் பழைய டூத்பிரஷ் வைத்துத் தோண்டி எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடு என்கிறார் மாமியார். இவள் அதைக் கடிக்கிறாள்!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழி சுற்றுதான், ஆனால் குழந்தைக்குச் சிரமம் குறையுமா? கிளம்பும் முன் என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள்?

அப்புறம், தலைக்குந்தாவில் காலை உறைபனி பார்க்க ஆசை. இந்த வயதில் கூட்டிப் போகலாமா? குல்லா போட்டால் இரண்டே நிமிடத்தில் கழற்றி எறிகிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.