ரெண்டு வின்ரர் ரயர் காணுமோ?

குழு: எங்கட குடும்பம் (ஸ்காபரோ - மொன்றியல் - சட்பரி)
நவம்பர், ஞாயிறு பின்னேரம்

[6:42] கீர்த்தி: மாமா, ரயர் கடையில கேட்டனான். கொரோலா முன் சில்லில இழுக்கிற கார்தானே, முன்னுக்கு ரெண்டு வின்ரர் ரயர் போட்டாக் காணும், பின்னுக்கு இருக்கிற ஓல் சீசன் (வருசம் முழுக்க ஓடுற ரயர்) நல்ல நிலையில இருக்கு எண்டு சொல்லினம். அரைவாசிக் காசு மிச்சம். போடட்டோ? புதன் காலமைக்கு நேரம் தந்திருக்கினம்.

[6:44] நந்தன்: போடாதை.

[6:44] நந்தன்: நாலும் போடு, இல்லாட்டி ஒண்டும் போடாதை. முன்னுக்கு மட்டும் ரெண்டு போட்ட கார், ஒண்டும் போடாத காரை விட மோசம்.

[6:46] கீர்த்தி: ஏன்? இழுக்கிறது முன்னுக்குத்தானே

[6:53] நந்தன்: இழுக்கிறது முன்னுக்கு. பிறேக் பிடிக்கிறதும் வளைவில காரை றோட்டில வைச்சிருக்கிறதும் நாலு சில்லும். முன்னுக்கு மட்டும் பிடிமானம் கூடினா முன்பக்கம் சொன்னபடி திரும்பும், பின்பக்கம் அதோட வராது. 404 நெடுஞ்சாலையில இருந்து 401 நெடுஞ்சாலைக்கு இறங்கிற வளைவை யோசிச்சுப் பார். வேகம் கூடிப்போச்செண்டு அக்சிலேற்றரில இருந்து காலை டக்கெண்டு எடுக்கிறாய். பாரம் முன்னுக்கு வரும், பின் சில்லு லேசாகும். அதில இருக்கிறது குளிரில இறுகின றப்பர். அது வெளியால போகும். அரைச் சுத்துச் சுத்தி, பின்னால வாற லொறியைப் பாத்தபடி நிப்பாய்.

[6:54] தேவி: ஐயோ தம்பி

[6:55] சுதன்: மாமா சொல்லுறது சரி. முன் பக்கம் இழுக்கிற காரில ஆக்கள் ஏமாறுறது உதிலதான். வெளிக்கிடேக்க நல்லாப் போகும், எஞ்சின் பாரம் முன் சில்லுக்கு மேல இருக்கிறதால. அதால றோட்டு நல்லா இருக்கு எண்டு நினைப்பினம். நிப்பாட்டேக்கதான் உண்மை தெரியும்.

[6:58] வதனி: ஸ்னோ விழவும் தேவையில்லை. பிளஸ் 7 பாகைக்குக் கீழ போனாலே ஓல் சீசன் றப்பர் இறுகத் தொடங்கும், காய்ஞ்ச றோட்டிலயும் பிறேக் தூரம் கூடும். இஞ்ச கியூபெக்கில டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரைக்கும் சட்டமே இருக்கு. போடாட்டி 200 இல இருந்து 300 டொலர் வரைக்கும் தண்டம்.

[6:59] கீர்த்தி: நத்தாருக்கு உங்கட வீட்டை வரேக்க என்னையும் பிடிப்பினமோ சித்தி?

[7:01] வதனி: கியூபெக்கில பதிஞ்ச காருக்குத்தான் சட்டம், ஒன்ராறியோ பிளேற்றுக்கு இல்லை. சட்டம் உன்னை விடும். கோண்வோல் தாண்டினாப் பிறகு வயலுக்குள்ளால அடிக்கிற காத்து விடாது.

[7:02] தேவி: வின்ரர் ரயருக்கு இன்சூரன்ஸ் குறைப்பினமாம், உண்மையோ?

[7:04] நந்தன்: ஓம் அக்கா. ஒன்ராறியோவில 2016 ஜனவரி 1 இல இருந்து எல்லாக் கொம்பனியும் கழிவு குடுக்க வேணும். கனக்க எதிர்பாக்காதேங்கோ, 5 வீதம் எண்டாப் பெரிசு. கீர்த்தி, நாலு ரயர் பில்லையும் படம் எடுத்து வைச்சிரு, கேப்பினம்.

[7:05] கீர்த்தி: சரி, நாலு. என்ன சைஸ்? இப்ப இருக்கிறது 205/55ஆர்16. கார் 2017 எல்ஈ மொடல்.

[7:13] நந்தன்: 195/65ஆர்15 கேள் (195 மி.மீ. அகலம், 15 அங்குல றிம்), இரும்பு றிம்மோட. அதே வருசத்துச் சிஈ மொடலுக்குக் கொம்பனி போட்ட சைஸ் அதுதான், பிறேக்கில முட்டாது. முழு விட்டம் 634 மி.மீ., இப்ப இருக்கிறது 632. ஸ்பீடோமீற்றருக்கு வித்தியாசமே தெரியாது. ஒடுங்கின ரயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு கீழ போகும், அகலமானது மேல மிதக்கப் பாக்கும். பக்கச் சுவரும் 113 இல இருந்து 127 மி.மீ. ஆகும், மார்ச்சில குழிக்குள்ள விழேக்க றிம் தப்பும். விலையும் குறைவு. றிம் 5 ஓட்டை, அந்த ஓட்டைகள் நிக்கிற வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1. உதை எழுதிக் குடு. வேற கார்ட றிம்மைத் தள்ளிவிடப் பாப்பினம்.

[7:15] நந்தன்: ரயர்ச் சுவரில மூண்டு முனை மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் இருக்கவேணும். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் ஸ்னோவும்) எண்டு மட்டும் இருந்தா அது வின்ரர் ரயர் இல்லை.

[7:16] கீர்த்தி: பழசு வேண்டினா? ஒராள் நாலையும் றிம்மோட விக்கிறார்

[7:20] சுதன்: வேண்டலாம். ரெண்டு விசயம் பார். ரயர்ச் சுவரில டொட் (DOT) எண்டு தொடங்கிற நீட்டு இலக்கத்தின்ர கடைசி நாலு எண்: 3419 எண்டா 2019 ஆம் ஆண்டு 34 ஆவது கிழமை செய்தது. 6 வருசம் தாண்டினதை நான் தொடமாட்டன், ரயர்ப் பூ (நிலத்தில படுற வெட்டு) தேயாமல் இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும். மற்றது பூவின்ர ஆழம். புதுசில 8, 9 மி.மீ. இருக்கும். 4 க்குக் கீழ போனா ஸ்னோவில பிரயோசனம் இல்லை, நாலு டொலர் அளவுகோல் ஒண்டு வேண்டு. விக்கிறவர் சொல்லுறதை அளக்காதை, ரயரை அள.

[7:22] கீர்த்தி: 😀 சுதன் அண்ணா, உங்கட சட்பரிப் பக்கம் ஆணி ரயர் போடுறவையாமே, அது இன்னும் நல்லதோ?

[7:24] சுதன்: ஐஸில நல்லது. ஆனா அது வட ஒன்ராறியோ ஆக்களுக்குத்தான் அனுமதி, ஸ்காபரோக் காருக்குப் போடேலாது. காய்ஞ்ச றோட்டில சத்தம் வேற.

[7:31] தேவி: பக்கத்து வீட்டுக்காரர் டிக்கிக்குள்ள ரெண்டு மணல் மூட்டை வைச்சிருக்கிறார். கீர்த்தியும் வைக்கட்டோ?

[7:34] நந்தன்: அவரிட்ட இருக்கிறது பின் சில்லில இழுக்கிற பிக்கப் அக்கா. அதுக்குச் சரி. கொரோலாவில டிக்கி பின் சில்லுக்கும் பின்னால. அங்க 60 கிலோ வைச்சா சீசோ மாதிரி முன்பக்கம் கொஞ்சம் தூக்கும், இழுக்கிற சில்லில பாரம் குறையும். ஒரு சின்னப் பை மணல் வைக்கலாம், பாரத்துக்கு இல்லை, கார் ஸ்னோவில இறுகினாத் தூவ.

[7:36] கீர்த்தி: எங்கட றைவ்வே ஏத்தம். போன வருசம் அப்பான்ர கார் அரைவாசியில நிண்டு சுத்தினது. இதுவும் நிக்குமோ?

[7:41] சுதன்: நிண்டா றிவேர்ஸில ஏத்து. பகிடி இல்லை. ஏத்தத்தில பாரம் கீழ்ப்பக்கச் சில்லுக்குப் போகும். முன்னுக்குப் போனா கீழ இருக்கிறது பின் சில்லு, அது சும்மா உருளும். பின்னுக்குப் போனா இழுக்கிற சில்லு கீழ, பாரம் அதுக்கு மேல. மெதுவா, அக்சிலேற்றரை ஒரே அளவில பிடிச்சு, நடுவில நிப்பாட்டாமல்.

[7:43] கீர்த்தி: அதுக்கும் இறுகினா?

[7:52] நந்தன்: வடிவா வாசி. முதல் அக்சிலேற்றரை விடு. சில்லு சுத்தச் சுத்தக் கீழ இருக்கிற ஸ்னோ உருகி, அந்த இடத்திலயே கண்ணாடி மாதிரி ஐஸாகும். பத்து செக்கன் கோவத்தில சுத்தினா அரை மணித்தியாலம் சவள் பிடிக்கவேணும்.
இறங்கிப் புகைக் குழாயைப் பார், அடைச்சிருந்தா முதல் அதைத் துப்பரவாக்கு. இல்லாட்டிப் புகை உள்ளுக்கு வரும், அந்தக் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.
பிறகு நாலு சில்லுக்கும் முன்னாலயும் பின்னாலயும் ஒரு அடி வெட்டு. காருக்குக் கீழயும் பார். கொரோலாவின்ர வயிறு நிலத்தில இருந்து 13 செ.மீ. சொச்சம்தான். ஸ்னோ அதைத் தாண்டினா வயிறு மேல ஏறி இருந்திடும், சில்லில பாரமே இராது. என்ன ரயர் போட்டும் பிரயோசனமில்லை.
ஸ்ரியறிங்கை நேராக்கு. விஎஸ்சி ஓஃப் பொத்தானை ஒருக்கா அமத்தி விடு, ற்றக்சன் கொன்ற்றோல் நிக்கும். அது இருந்தாச் சில்லு சுத்தத் தொடங்கினவுடன எஞ்சின் பலத்தைக் குறைச்சுப்போடும், இறுகின இடத்தில அது உபத்திரவம்.
டியில (முன் கியர்) ஒரு அடி, முழுசா நிப்பாட்டி, ஆரில (றிவேர்ஸ்) ஒரு அடி, திரும்ப டி. ஊஞ்சல் மாதிரி. சில்லு இன்னும் சுத்தேக்க கியர் மாத்தாதை, உன்ர காரின்ர சிவிரி (CVT) ஓட்டோ கியர்பெட்டி அதுக்குச் செய்ததில்லை. நாலஞ்சு தரத்தில வராட்டி மணலைத் தூவு. வெளியில வந்தவுடன அந்தப் பொத்தானைத் திரும்ப அமத்து.

[7:54] வதனி: மணலுக்குப் பதிலாப் பூனைக்கு வைக்கிற மண்ணும் போடுவினம். களிமண் வகை ஈரமானாச் சேறாகும், மணல்தான் நல்லது.

[7:56] தேவி: சிற்றி லொறி வழிச்சுக்கொண்டு போகேக்க எங்கட வாசலில ஒரு மேடு விட்டிட்டுப் போகுது, அதை என்ன செய்யிறது

[7:59] நந்தன்: சவளால வெட்டுறதுதான் அக்கா. கீர்த்தி, அதை இடிச்சுக்கொண்டு வெளிக்கிடாதை. அது புது ஸ்னோ மாதிரி மெத்தெண்டு இராது, றோட்டில வழிச்ச ஐஸ் கட்டியும் உப்பும். பம்பரின்ர பிளாஸ்ரிக் கிளிப்பும் எஞ்சினுக்குக் கீழ இருக்கிற மறைப்பும் முதல் உடையும். அந்த மறைப்புத் தொங்கி நிலத்தில இழுபடுற கொரோலா ஒவ்வொரு மாசியும் கராஜுக்கு வரும்.

[8:05] கீர்த்தி: சரி இப்ப றோட்டு. சறுக்கினா என்ன செய்யிறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம்

[8:14] சுதன்: எந்தப் பக்கம் சறுக்குது எண்டதைப் பொறுத்தது.
ஸ்ரியறிங்கைத் திருப்பியும் கார் நேராப் போகுதெண்டா முன் சில்லு சறுக்குது. உன்ர காரில கூட நடக்கிறது உதுதான். எல்லாரும் செய்யிற பிழை, இன்னும் திருப்புறது. திருப்பத் திருப்ப ரயர் ஸ்னோவைத் தள்ளுமே ஒழியப் பிடிக்காது. அக்சிலேற்றரை மெதுவா விடு, ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் திருப்பி எடு, சில்லு திரும்பப் பிடிக்கிறது கையில தெரியும், அப்ப திருப்பு.
பின்பக்கம் போகுதெண்டா நீ போகவேண்டிய இடத்தைப் பாத்து அந்தப் பக்கம் திருப்பு. பிறேக்கைத் தொடாதை, அக்சிலேற்றரையும் டக்கெண்டு விடாதை. கொஞ்சமா அமத்தினா முன் சில்லு காரை இழுத்து நேராக்கும்.
நேர் றோட்டில அவசரமா நிப்பாட்ட வேணுமெண்டா பிறேக்கை உறுதியா மிதிச்சபடி வைச்சிரு. பெடல் துடிக்கும், கறகறவெண்டு சத்தம் கேக்கும். அது ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் பிறேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு) வேலை செய்யிறது. பயந்து காலை எடுக்கிறவைதான் முன் காரில இடிக்கிறது. விட்டு விட்டு மிதிக்கிறதும் ஏபிஎஸ் இல்லாத பழைய கார்ப் பழக்கம்.

[8:15] சுதன்: இதை ஒருக்கா வெறுங் கார் பார்க்கில 20 கி.மீ. வேகத்தில செய்து பார். பெடல் துடிக்கிறது என்னெண்டு கால் அறியட்டும்.

[8:18] வதனி: மைனஸ் 20 ஐ விட 0 பாகை ஆபத்து. உருகத் தொடங்கின ஐஸுக்கு மேல தண்ணிப் படலம் நிக்கும், அதுதான் கூட வழுக்கும். பாலத்துக்கு மேல முதல் உறையும். குறூஸ் கொன்ற்றோல் (வேகத்தைத் தானே பிடிச்சு வைச்சிருக்கிறது) போடாதை. உப்புப் போட்ட றோட்டெண்டு நம்பாதை, மைனஸ் 18 க்குக் கீழ உப்பு வேலை செய்யாது, மணல்தான் போடுவினம்.

[8:19] சுதன்: நீல லைற் மின்னினா ஸ்னோ வழிக்கிற லொறி. 401 இல மூண்டு நாலு லொறி படி மாதிரிச் சேர்ந்து வழிக்கும். இடையால புகுந்து முந்தாதை.

[8:27] தேவி: காலமை கண்ணாடி ஐஸ் எண்டாச் சுடுதண்ணி ஊத்தினா கெதியாப் போகும் என்ன

[8:27] நந்தன்: அக்கா ஊத்தாதேங்கோ!!

[8:27] வதனி: அக்கா 😱

[8:27] சுதன்: கண்ணாடி வெடிக்கும் சின்னம்மா

[8:28] தேவி: சும்மா கேட்டனான் அப்பா

[8:33] நந்தன்: சுரண்டிதான். இரவு வைப்பரைத் தூக்கி நிப்பாட்டி விட்டா ஒட்டாது. கண்ணாடி கழுவுற தண்ணி மைனஸ் 40 எண்டு போட்ட கான் வேண்டு, பச்சைத் தண்ணி கலக்காதை, கோடைத் தண்ணி மிச்சமிருந்தா முதல் அடிச்சு முடி. கூரையில இருக்கிறதையும் தட்டு, பிறேக் பிடிக்கேக்க முழுக்கட்டியும் முன் கண்ணாடிக்கு வழுகி வரும்.

[8:35] கீர்த்தி: எனக்குக் கண்ணாடி உள்ளுக்குத்தான் புகார் (ஈர மூட்டம்) பிடிக்கிறது

[8:38] நந்தன்: சப்பாத்தில ஏத்துற ஸ்னோ உருகி அந்த ஈரம் கண்ணாடியில போய் நிக்குது. காரும் வட்ட அம்புக்குறியும் இருக்கிற பொத்தானை ஓஃப் பண்ணு, உள்காத்தையே சுத்தாமல் வெளிக்காத்து வரட்டும். சூட்டோட ஏசியையும் போடு. குளிருக்கில்லை, ஈரத்தை எடுக்க. றப்பர் பாயும் வேண்டு, ஆனா துணிப் பாய்க்கு மேல போடாதை. வழுகி அக்சிலேற்றருக்குக் கீழ போகும். கொக்கியில கொழுவு.

[8:44] கீர்த்தி: இன்னொண்டு. அப்பான்ர கார் ஸ்னோ விழுந்த அடுத்த நாள் 401 இல 90 இல ஸ்ரியறிங் ஆடுது. ரயர் பிழையோ?

[8:46] நந்தன்: கடைக்குக் கொண்டுபோக முதல் றிம்முக்கு உள்பக்கம் பார். ஸ்னோ ஒரு பக்கமா உறைஞ்சு ஒட்டியிருக்கும், பலன்ஸ் போயிடும். தட்டி எடுத்தா ஆட்டம் நிக்கும்.

[8:47] தேவி: அவர் போன கிழமை பலன்ஸ் பண்ணக் காசு குடுத்திட்டு வந்தவர் 🙄

[8:55] சுதன்: பற்றறிக்கு எத்தினை வயசு? 4, 5 வருசம் எண்டா சோதிச்சுப் பார். மைனஸ் 18 இல பற்றறியின்ர பலம் பாதிக்கு மேல போயிடும், எஞ்சின் ஒயில் தடிச்சிருக்கும், அப்பதான் கூட இழுக்கவும் வேணும். ஒயில் 0டபிள்யூ-20, வேற ஒண்டும் ஊத்த விடாதை. இஞ்ச நாங்கள் எஞ்சின் சூடாக்கியை ரைமரில மூண்டு மணித்தியாலம் போடுறது. ஸ்காபரோவில கட்டாயமில்லை. காஸ் (பெற்றோல்) அரைத் தாங்கிக்குக் கீழ விடாதை, 401 மூடினா உள்ள காஸ்தான் சூடு.

[9:02] கீர்த்தி: எல்லாம் எழுதிப்போட்டன். கடைக்கு இப்ப மெசேஜ் போட்டன்: நாலு, 195/65ஆர்15, இரும்பு றிம், பனிப்பூ. ஓமெண்டு சொல்லிப்போட்டினம், அதே புதன் 8:30.

[9:05] நந்தன்: பூட்டேக்கப் பக்கத்தில நில். றிம் போய் இருக்கிற இடத்தில துரு இருந்தா கம்பித் துலக்கியால தேய்க்கச் சொல்லு. துருவுக்கு மேல இறுக்கினா பிறகு தளரும். நட்டுக்கு ஒயில் பூசக்கூடாது. நட்சத்திரம் கீறுற மாதிரி ஒண்டுவிட்டு ஒண்டு, 76 அடி-இறாத்தல், அதாவது 103 நியூட்டன் மீற்றர். காத்துத் துப்பாக்கியால மட்டும் இறுக்கி விட்டா ஒத்துக்கொள்ளாதை.

[9:06] கீர்த்தி: காத்து எவ்வளவு?

[9:09] நந்தன்: சாரதிக் கதவுக்குள்ள ஒட்டியிருக்கிற அளவு. ஆனா வெளியில குளிர்ந்த ரயரில அள. 5, 6 பாகை குறைய ஒரு பிஎஸ்ஐ (காத்தமுக்க அளவு) இறங்கும். கராஜுக்குள்ள பிளஸ் 15 இல 33 அடிச்சா, மைனஸ் 15 இல 28 அளவுதான் இருக்கும். மாசம் ஒருக்காப் பார்.

[9:10] நந்தன்: 100 கி.மீ. ஓடினாப் பிறகு நட்டுகளைத் திரும்பப் பாக்கவேணும். சனிக்கிழமை மார்க்கம் நகருக்கு வா, அளவு றெஞ்ச் என்னட்டை இருக்கு.

[9:11] தேவி: சனிக்கிழமை எண்டா நானும் வாறன். மச்சாளிட்டச் சொல்லு, புட்டு அவிக்கட்டாம்.