பொருள்: ‘இம்பேர்டு வாட்டர்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

வே. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் பாடநூலில் ஆற்றுநீர்த் தர மதிப்பீட்டு இயல் என் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்ட நடைமுறையில், ஓர் ஆற்றுப் பகுதி எதற்கெல்லாம் உதவவேண்டும் என்பதை முதலில் வரையறுத்துவிடுகிறார்கள்: நீராடல், நீர்வாழ் உயிர்கள், மீன்பிடிப்பு என்று. இவற்றைப் ‘பயன்கள்’ என்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளக்கிறார்கள். எதில் தேறவில்லையோ அதற்கு அந்தப் பகுதி ‘இம்பேர்டு’. நான் ‘மாசடைந்த’ என்று போட்டேன். மேலாய்வாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார், காரணம் எழுதவில்லை.

சு. எழுதியது:

காரணத்தை நான் எழுதுகிறேன். ‘மாசடைந்த ஆற்றுப் பகுதி’ என்பது வேறொரு கணக்குக்குப் போய்விட்ட சொல். இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டும் பகுதிகளைத்தான் அப்படிப் பட்டியலிடுகிறது. உங்கள் இயலில் உள்ளது அதுவன்று.

நீராடலுக்கு, மலக்கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். நன்னீரில் 100 மில்லிலிட்டருக்குப் பெருக்கல் சராசரி 126 என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிந்துரைக்கும் வரம்பு. அது இருமடங்கானாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மூழ்கிக் குளிப்பவருக்குத்தான் வயிற்றுப்போக்கு. நீர்வாழ் உயிர்களுக்கு வேறு அளவுகோல்: கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை, வண்டல், ஆற்றுக் கல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, காடிஸ்ஃபிளை ஆகிய பூச்சிகளின் புழுக்கள். கரையோர மரங்களை வெட்டிவிட்டால் போதும், நீர் சூடாகும். பூச்சியம் டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர் 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5தான் தாங்கும். புழு செத்துவிடும். அங்கே யார் எந்த மாசைக் கொட்டினார்கள்? மீன்பிடிப்புக்கு வந்தால் பாதரசம். நீர் பளிங்குபோல இருக்கும், மீன் துள்ளும். அதைத் தின்பவருக்குத்தான் கேடு. ஆகவே ஒரே பகுதி ஒன்றுக்குத் தேறி இன்னொன்றுக்குத் தவறலாம். ‘எதற்கு’ என்ற கேள்விக்கு இடம் தரும் சொல்லாக வேண்டும்.

இரா. எழுதியது:

சொல் நம் கையிலேயே இருக்கிறது: ஊறு. ‘ஊறுற்ற நீர்’. ஊறு என்றால் தீங்கு, தொடுவுணர்வும் ஊறுதான். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று வள்ளுவர் ஐம்புலனை அடுக்குமிடத்தில் அதைக் காண்கிறோம். நீரைத் தொட்டால் தீங்கு என்னும்போது இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன பாருங்கள்! கெடு கேடாவது போல, சுடு சூடாவது போல, உறு என்பது முதனிலை நீண்டு ஊறு ஆயிற்று. உறுதல், உறவு, உறுப்பு, உறுதி எல்லாம் இந்த வேரில் முளைத்தவை. இதைப் பற்றி நான் முன்பே நீளமாக எழுதியிருக்கிறேன், வேண்டுவோர்க்கு அனுப்புகிறேன்.

நா. எழுதியது:

இரா. ஐயா, அனுப்ப வேண்டாம். ‘ஊறுற்ற நீர்’ என்று கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் பாதிப்பேர் ஊற்றுநீர் என்பார்கள், மீதிப்பேர் ஊறுகாய் என்பார்கள். ‘பாதிக்கப்பட்ட’ என்றால் எல்லாருக்கும் புரியும். அதற்கு என்ன குறை?

இரா. எழுதியது:

குறை, அது வடசொல் என்பது. சுரக்கும் ஊறு வேறு, தீங்கு ஊறு வேறு. முன்னதில் நெடில் இயல்பு, பின்னதில் திரிபு. இதைச் சொல்லிக்கொடுக்கத்தானே அம்மா ஆசிரியர்?

நா. எழுதியது:

நான் சொல்லிக்கொடுப்பது நீரியல், ஐயா. இலக்கண வகுப்பு பக்கத்து அறையில். ‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ’ என்று, வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ள வழிவிட்டவர் தொல்காப்பியர்தாம். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, அதாவது வழக்கில் வந்துவிட்ட சொல்லை விலக்க வேண்டியதில்லை, என்றவரும் அவரே.

இரா. எழுதியது:

அவர் செய்யுளுக்குச் சொன்னார், சோம்பலுக்குச் சொல்லவில்லை.

சு. எழுதியது:

வடசொல் என்பது எனக்குப் பொருட்டில்லை. ‘பாதிக்கப்பட்ட’ என்றதும் எதனால் என்றுதான் மனம் கேட்கும். வெள்ளத்தால், வறட்சியால் என்று. எனக்கு வேண்டியது ‘எதற்கு’. பயன்குன்றிய? ‘நீராடலுக்குப் பயன்குன்றிய நீர்நிலை.’

த. எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓடுகிற ஆறு எப்படி நீர்நிலை ஆகும்? நிற்பது அல்லவா நிலை?

(இதன்மேல் வந்த பதினொரு மடல்களை வே. கேட்டுக்கொண்டபடி தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நிலை என்பது நிற்றலா, இடமா, நிலைமையா என்று அங்கே தொடரலாம். – மட்டுறுத்துநர்)

த. எழுதியது:

சரி, ‘ஆற்றுப் பகுதி’ என்றே வைத்துக்கொள்வோம். என் உண்மையான மறுப்பு வேறு. ‘பயன்’ என்பது யாருடைய பயன்? நீராடுவது நம் பயன், மீன் பிடிப்பது நம் பயன். ஆற்றில் புழு பூச்சி வாழ்வது புழு பூச்சியின் வாழ்வு. அதையும் பயன் என்று எழுதுவது மூலத்தில் இருக்கும் கோணலையே நாம் தமிழில் பதியனிடுவதாகும். ‘ஏலாத’ என்று பாருங்கள். நீராடலுக்கு ஏலாத பகுதி, மீனுக்கு ஏலாத பகுதி. நான்காம் வேற்றுமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சு. கேட்டதும் அதுதானே? ஈழத்தில் இன்றும் பேச்சில் புழங்கும் வினை.

நா. எழுதியது:

அங்கே ‘ஏலாது’ என்றால் முடியாது என்று பொருள். ‘மீனுக்கு ஏலாத பகுதி’ என்றால் மீனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று படிப்பார்கள். அதுவும் ஒருவகையில் உண்மைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்ச்சொல் வேண்டும்போது என்ன செய்வீர்கள்? ‘ஏலாமை’யா? ‘ஏலாமைப் பட்டியல்’ என்றால் மருத்துவமனைக் கோப்புபோல இருக்கிறது. பயன்குன்றல், பயன்குன்றிய, பயன்மீட்பு என்று சு.வின் சொல் மூன்று வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கிறது. குன்றல் என்பதால் முழுவதும் போய்விடவில்லை, சீர்செய்யலாம் என்ற குறிப்பும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நோக்கமும் அதுவே.

வே. எழுதியது:

வியாழன் மாலை ஆகிவிட்டது. ‘பயன்குன்றிய’ என்பதற்கு நா., சு., நான் என மூவர். இரா. ஐயா ஊறுக்கு. த. ஏலாததற்கு. பெரும்பான்மையைக் கொண்டு அச்சுக்குக் கொடுக்கிறேன். த. எழுப்பிய கேள்வி நியாயமானது என்பதால், நீர்வாழ் உயிர்களை எந்தப் பொருளில் ‘பயன்’ என்கிறார்கள் என்று அந்த இயலின் முதல் பத்தியிலேயே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்.

சு. எழுதியது:

அப்படியே ‘மீன்பிடிப்பு’ என்ற தலைப்பையும் மாற்றுங்கள். தூண்டில் போடுவதை யாரும் அளக்கவில்லை. ஒரு கிலோ மீன்தசையில் மெத்தில் பாதரசம் 0.3 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்றுதான் அமெரிக்க முகமையின் வரையளவு கேட்கிறது. பிடித்து, பார்த்து, திரும்ப ஆற்றில் விடுபவருக்கு அந்தப் பகுதியில் எந்தக் குறையும் இல்லை. ‘மீன் உண்ணல்’ என்றிருக்க வேண்டும்.

வே. எழுதியது:

அட்டவணைத் தலைப்புகள் நேற்றே போய்விட்டன. அடிக்குறிப்பில் போடுகிறேன்.

இரா. எழுதியது:

பெரும்பான்மைக்கு என் வாழ்த்துகள். ‘குன்றிய’ என்பதைக் ‘குன்று’ ஆகிய மலையோடு சேர்த்து மாணவர்கள் குழம்பினால் அம்மா என்ன செய்வார் என்று அறிய ஆவல். என் அகராதிப் படியில் ‘ஊறுற்ற’ என்றே இருக்கும். கட்டுரையை இணைத்திருக்கிறேன், 34 பக்கம்.