சான்ட் ஷப்பல் சாளரங்கள்: பார்த்தவர்கள் பகிர்பவை

பதிவு 1
பாரிஸில் நம்மாட்களிடம் "சப்பல்" எங்கே என்று கேட்டால் லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவுக்குத்தான் கைகாட்டுவார்கள். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பேர்போன இந்த சான்ட் ஷப்பல் ஆலயத்துக்கோ மெட்ரோ 4ஆம் தடத்தில் சித்தே நிலையத்தில் இறங்க வேண்டும். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பையைச் சோதிப்பார்கள். கத்தி, கத்தரிக்கோல் வேண்டாம். தொலைநோக்கி அவசியம். சாளரங்கள் 15 மீட்டர் உயரம், மேலே உள்ள காட்சிகள் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது.

பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி 1239இல் இயேசுவின் முள்முடியைக் கொண்டுவந்தார். கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் வெனிஸ் வணிகரிடம் அடகு வைத்திருந்ததை மீட்டது. அதற்கு 1,35,000 லிவர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்). அதை வைக்கக் கட்டிய இந்த ஆலயத்துக்கோ 40,000தான்! 1248 ஏப்ரலில் அர்ச்சிப்பு. கீழ்த்தளம் அரண்மனைப் பணியாளர்களுக்கு, மேல்தளம் அரசருக்கு.

15 சாளரங்கள், 1,113 காட்சிகள். நுழைந்ததும் இடப்பக்கம் விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூல். கீழிருந்து மேலே, இடமிருந்து வலம் படியுங்கள். மேலிருந்து தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும். சுற்றி வந்தால் வலப்பக்கம் கடைசியாக வரும் சாளரம் மட்டும் விதிவிலக்கு. முள்முடி பாரிஸ் வந்த கதை அது. ஏர் உழுவதுபோல ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம்.

பதிவு 2
மேலே சொன்னதோடு ஓரங்களையும் பாருங்கள். அல்லிமலர் பிரான்ஸின் சின்னம், கோட்டை லூயியின் தாய் பிளான்ஷ் பிறந்த ஸ்பெயின் பகுதி அரசான காஸ்டீலின் சின்னம். விவிலியத்தின் எண்ணிக்கை நூலைக் காட்டும் சாளரத்தில் முடிசூட்டுக் காட்சி திரும்பத் திரும்ப வரும். விவிலியத்தில் அத்தனை முடிசூட்டு கிடையாது. அரசர் பார்க்கும் இடமாயிற்றே.

தூர நின்றால் ஊதா தெரியும். கிட்டப் போனால் சிவப்பும் நீலமும் மட்டுமே, கண்தான் கலந்துகொள்கிறது. சிவப்பு கண்ணாடியின் முழுக் கனத்துக்கும் ஏறினால் கறுப்பாகிவிடும் என்பதால் நிறத்தை மெல்லிய ஏடாகத்தான் ஏற்றுவார்கள். நிறம் மாறும் இடமெல்லாம் தனித்துண்டு, நடுவே ஈயப்பட்டி. முகம், துணிமடிப்பு எல்லாம் உலோக ஆக்சைடும் கண்ணாடித்தூளும் குழைத்து வரைந்து சூளையில் சுட்டவை.

மேற்குச் சுவரின் வட்டச் சாளரத்துக்கு இந்தத் தனித்துண்டுக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அது சுமார் 1490, அரசர் எட்டாம் சார்லஸ் காலம், விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் காட்சிகள். அதற்குள் வெள்ளிச்சாயம் வந்துவிட்டது: நிறமற்ற கண்ணாடியில் பூசிச் சுட்டால் மஞ்சள், தனித்துண்டு வேண்டாம். அதனால் ஈயக்கோடு குறைவு, மஞ்சள் அதிகம். மாலை வெயிலில் பாருங்கள்.

பதிவு 3
ஒரு எச்சரிக்கை: கண்மட்டத்தில் தெரிவதை 13ஆம் நூற்றாண்டு என்று நம்பிவிடாதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இந்த ஆலயம் ஆவணக்கிடங்கானபோது அலமாரிக்காக அடியில் சுமார் 2 மீட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். இப்போதிருப்பது 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு. பழையது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதைத் தேடி மேலேதான் பார்க்க வேண்டும்.

மரச்சாம்பல் சேர்த்து உருக்கிய பழைய கண்ணாடி ஈரம் பட்டால் குழிவிழும். அதனால் 2008 முதல் 2015 வரை நடந்த பணியில் வெளிப்புறம் இன்னொரு கண்ணாடி பொருத்தினார்கள். இடையில் காற்று ஓட இடைவெளி உண்டு.

முள்முடியை அங்கே தேடாதீர்கள். அது இப்போது நோத்ர தாம் பேராலயத்தில்.