3 அங்குலம் உயர்த்திய வண்டியில் ஸ்டீயரிங் உதறல்: டாம்பர் மாற்றினால் போதுமா?

மண்சாலை:
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டிக்கு முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் நாலு கன்ட்ரோல் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு டிராக் பார். லிஃப்ட் கிட் போட்டு 3 அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர் மாட்டினேன். முதல் மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது 70, 75 கிமீ வேகத்தில் பாலத்து இணைப்பு மாதிரி ஏதாவது ஒன்றில் ஒரு சக்கரம் ஏறி இறங்கினால் போதும், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு வண்டியே உதறுகிறது. கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை, 40க்குக் கீழே வந்தால்தான் அடங்குகிறது. நேற்று பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், இறங்கின பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. கிட் போட்டவரிடம் கேட்டால் ஸ்டீயரிங் டாம்பரை (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) மாற்றுங்கள், சரியாகிவிடும் என்கிறார். மாற்றலாமா?

ஸ்பேனர்கை:
மாற்றாதீர்கள். அதாவது இப்போதைக்கு மாற்றாதீர்கள். டாம்பர் உதறலை உண்டாக்குவதும் இல்லை, அதன் காரணத்தைத் தீர்ப்பதும் இல்லை. எங்கேயோ ஒரு மூட்டில் பிளே, அதாவது தளர்வால் வரும் ஆட்டம், இருக்கிறது, புது டாம்பர் அதை இரண்டு மாதம் மூடி வைக்கும், அதற்குள் அந்த மூட்டு இன்னும் தேய்ந்திருக்கும். அடுத்த முறை இதைவிட மோசமாக வரும்.

நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் நன்றாக இருந்தது என்கிறீர்கள். லிஃப்டால் மாறிய கோணங்கள் முதல் நாளே மாறிவிட்டன, டயரும் முதல் நாளே ஏறிவிட்டது. மூன்று வாரத்தில் புதிதாக என்ன மாறியிருக்கும்? போல்ட் தளர்ந்திருக்கும், மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும். அங்கே தேடுங்கள். அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போக வேண்டாம். உதறல் வந்தால் பதறி பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்தபடி மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

மேடுபள்ளம்:
இங்கே டாம்பர் என்று யாராவது சொன்னாலே பாவம் செய்த மாதிரி பேசுகிறார்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. தயாரிப்பாளர்கள் சும்மாவா அதை வைக்கிறார்கள்? 2019ல் ஜீப் ராங்ளர் ஜேஎல் வண்டிகளில் இதே உதறல் புகாராக வந்தபோது நிறுவனமே புது டாம்பரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அவர்களுடைய பொறியாளர்களுக்குத் தெரியாததா? 33 அங்குல டயரின் எடை என்ன, பழைய டயரின் எடை என்ன என்று தூக்கிப் பார்த்தால் புரியும். அந்தக் கூடுதல் எடை ஒரு தடவை அடித்தால் அதைத் தாங்க பழைய டாம்பருக்குச் சக்தி இல்லை. நான் ஆறு வருடமாக உயர்த்திய வண்டி ஓட்டுகிறேன், கனமான டாம்பர் போட்ட பிறகு ஒரு நாள்கூட உதறல் வந்ததில்லை.

கோணமானி:
இரண்டு பேரும் காஸ்டரை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணத்தை, விட்டுவிட்டீர்கள். வண்டியை உயர்த்தினால் ஆர்ம்களின் கீழ்முனை இறங்கி ஆக்சில் முன்பக்கமாகச் சுழல்கிறது, காஸ்டர் குறைகிறது. ஆக்சிலோடு இறுக்கமாகப் பிணைந்த ரேடியஸ் ஆர்ம் வண்டியாக இருந்தால் கணக்கு எளிது: ஆர்ம் நீளம் 90 செமீ, உயர்த்தியது 5 செமீ என்றால் சுமார் 3 டிகிரி போய்விடும். நாலு ஆர்ம் வண்டியில் இவ்வளவு போகாது, ஆனால் போகும். அலைன்மென்ட் ரிப்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு சின்ன சோதனை. காலி இடத்தில் மெதுவாக வளைவு எடுத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் விடுங்கள். தானாக நேருக்குத் திரும்பாமல் சோம்பினால் காஸ்டர் போதவில்லை. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஆர்ம் போட்டு அதை மீட்டால்தான் வண்டி நிம்மதியாக ஓடும்.

ஸ்பேனர்கை:
கோணமானி, காஸ்டர் குறைந்தால் வண்டி அலையும், நேராகப் போகாது, அது சரி. ஆனால் அவர் சொல்வது அலைவது இல்லை. ஒரு மேட்டில் தட்டினால் ஆரம்பித்து வேகம் குறையும் வரை நிற்காத உதறல். காஸ்டரை அளவுக்கு மேல் ஏற்றினாலும் உதறல் கூடலாம், ட்ரெயில் (சக்கரம் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) அதிகமானால் சக்கரம் நேருக்குத் திரும்பும் விசையும் அதிகமாகி நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். அப்புறம் ஆக்சிலைச் சுழற்றினால் பினியன் (ஆக்சிலில் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) கீழே பார்க்கும், முன் புரொப்பல்லர் ஷாஃப்டில் புது அதிர்வு வரும்.

மேடுபள்ளம், புதிதாக ஷோரூமிலிருந்து வந்த வண்டியும் மூன்று வாரத்துக்கு முன் நட்டு போல்ட் எல்லாம் கழற்றி மாட்டிய வண்டியும் ஒன்றா?

சாலிட் ஆக்சிலில் இது ஏன் வருகிறது என்று புரிந்தால் டாம்பர் மேல் இவ்வளவு நம்பிக்கை வராது. ஒரு சக்கரம் மேடேறினால் ஆக்சில் முழுவதுமே சாய்கிறது. சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பம்பரம் மாதிரி பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். திரும்பினால் மறுபடி சாய்வு, சாய்ந்தால் மறுபடி திருப்பம், ஒன்று இன்னொன்றுக்குத் தீனி போடுகிறது. 1934ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முன்பக்க இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். இந்தச் சுழற்சி வளராமல் பிடித்து வைப்பது டிராக் பாரும் ஸ்டீயரிங் மூட்டுகளும்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் பிளே இருந்தாலும் கதவு திறந்த மாதிரி.

மேடுபள்ளம்:
விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுழற்சியின் சக்தியைக் குடிக்கவும் ஏதாவது ஒன்று வேண்டுமே? அதைத்தானே டாம்பர் செய்கிறது. பிளே ஒரு காரணம், நான் மறுக்கவில்லை. அது ஒன்றுதான் காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன். மண்சாலை, உங்கள் பழைய டாம்பரின் ராடைத் துடைத்துப் பாருங்கள், எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று.

மண்சாலை:
நன்றி. அலைன்மென்ட் ரிப்போர்ட் இல்லை, லிஃப்டுக்குப் பிறகு செய்யவே இல்லை. எதை முதலில் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள், நான் மெக்கானிக் இல்லை.

ஸ்பேனர்கை:
ஜாக்கி வைக்க வேண்டாம், சக்கரம் நாலும் தரையில் இருக்கட்டும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், வேகமாக, நிறுத்தாமல் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு குனிந்து டிராக் பாரின் இரண்டு முனையையும் பாருங்கள். பார் வளைந்து கொடுக்கிறதா என்று பார்க்காதீர்கள், போல்டும் பிராக்கெட்டும் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுனியை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். அப்புறம் அதே மாதிரி டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பி), டை ராட் எண்ட் (இரண்டு முன்சக்கரத்தையும் சேர்க்கும் கம்பியின் முனை) எல்லாம்.

அது முடிந்த பிறகு ஜாக்கி வைத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்தும் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங்.

கோணமானி:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்களை வண்டி தொங்கும்போதே முறுக்கியிருந்தால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கேறி சில வாரத்தில் கிழியும். ஸ்பேனர்கை சொன்ன மூன்று வாரக் கணக்குக்கு இதுவும் பொருந்தும். வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு, அதுவும் முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில்.

மண்சாலை:
பார்த்துவிட்டேன். தம்பி ஸ்டீயரிங்கைத் திருப்ப, நான் அடியில் படுத்திருந்தேன். டிராக் பாரின் ஆக்சில் பக்கத்து முனையில் ‘டக், டக்’ என்று சத்தம், விரலுக்கும் தெரிந்தது. போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட் உரிந்து பிறை மாதிரி ஒரு இடம் மட்டும் பளபளவென்று மின்னுகிறது, அதன் ஓரத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி. போல்டை உருவிப் பார்த்தால் பிராக்கெட்டின் துளை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருக்கிறது.

மேடுபள்ளம் சொன்னதும் சரி. டாம்பர் ராட் முழுக்க எண்ணெய்.

ஸ்பேனர்கை:
இதுதான். இனி அந்தப் போல்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, துளை நீண்டுவிட்டது. பிராக்கெட்டை மாற்ற வேண்டும், அல்லது சரியான அளவில் துளையிட்ட கெட்டித் தகட்டை நல்ல வெல்டரிடம் கொடுத்து அதன் மேல் பற்றவைக்க வேண்டும். புது போல்ட், கையேட்டில் சொன்ன டார்க், சில நூறு கிமீ ஓடியதும் மறுபடி ஒரு முறை சரிபார்த்தல். டாம்பர் செத்தது உதறியதால். டாம்பர் செத்ததால் உதறல் வரவில்லை.

மேடுபள்ளம்:
அதை நீங்கள் எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? டாம்பர் முதலில் போய், அது தாங்க வேண்டிய அடியையெல்லாம் அந்தத் துளை வாங்கியிருக்கலாமே.

ஸ்பேனர்கை:
சோதித்துவிடலாம். பிராக்கெட்டைச் சரிசெய்த பிறகு டாம்பரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சாலையில் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மூட்டுகள் சரியாக இருக்கும் வண்டி டாம்பர் இல்லாமலும் உதறாது.

மேடுபள்ளம்:
தனியாகப் போங்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு. இந்தச் சோதனையே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பம்தான்.

மண்சாலை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிராக்கெட்டுக்குத் தகடு பற்றவைத்து, புது போல்ட் போட்டு, வண்டி தரையில் நிற்கும்போது எல்லா ஆர்ம் போல்ட்களையும் தளர்த்தி மறுபடி முறுக்கினேன். அலைன்மென்டும் செய்தேன். கோணமானி, காஸ்டர் 3 டிகிரிக்கும் கீழே இருந்தது, அட்ஜஸ்டபிள் ஆர்ம் போட்டு 4.5க்குக் கொண்டுவந்த பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது, வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் நான் ஆர்மை வேண்டுமென்றே கடைசியாகத்தான் போட்டேன். அதற்கு முன்னாலேயே, டாம்பர் இல்லாமல், அதே பாலத்து இணைப்பில் 50, 60, 70, 80 என்று நாலு தடவை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். ஒரு தட்டு, அவ்வளவுதான், உதறல் வரவில்லை.

90ஐத் தாண்டினால் மட்டும் ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் இருந்தது, மேடு தேவையில்லை, வேகம் வந்தால் வரும், வேகம் போனால் போகும். முன்டயரைப் பின்னால் மாற்றியதும் நடுக்கம் சீட்டுக்குப் போய்விட்டது, அதனால் அது பேலன்சிங். புது டாம்பரும் வாங்கிவிட்டேன், மேடுபள்ளம், பேலன்சிங் முடிந்ததும் மாட்டிவிடுவேன்.